நரியைப் படம் எடுத்தவன்

மலீஹா யார்டு, ஷார்ஜா
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி பாஸ்கர் எழுதுறது. எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. உன் முழங்கால் வலி எப்படி இருக்கு, மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கான்னு தெரிஞ்சா போதும்.

இது மூணாவது கடிதம். முன்னாடி எழுதின ரெண்டுக்கும் பதில் வரல. போன் அடிச்சா எடுக்க மாட்டேங்குற, வாட்ஸ்அப்ல பிளாக் பண்ணி வச்சிருக்க. இந்தக் காலத்துல எவன் தபால் போடுறான்னு எங்க ஆபீஸ் டிரைவர் ஸ்டாம்ப் வாங்கிட்டு வரும்போதெல்லாம் சிரிக்கிறாரு. சிரிச்சுட்டுப் போகட்டும்.

முவைலா கேம்ப்ல இருந்து மாறிட்டேன். மலீஹா பக்கம் பாலைவனத்துல கம்பெனிக்கு ஒரு யார்டு இருக்கு. பழைய பைப்பு, கம்பிக்கட்டு, கிரேன் சாமான் எல்லாம் கொட்டி வைக்கிற இடம். வாட்ச்மேனா யார் போறீங்கன்னு சூப்பர்வைசர் கேட்டப்ப ரூம்ல பன்னெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் கையைத் தூக்கினேன். ஒரு போர்ட்டா கேபின், ஒரு ஏசி, நானும் லோடர் ஓட்டுற பெஷாவர்க்காரர் அஸ்கர் அலியும். வியாழக்கிழமை ஒரு வண்டி வந்து அரிசி, காய், கேஸ் இறக்கிட்டுப் போகும். மத்த நாள் பூரா மணல்தான்.

ஏன் கையைத் தூக்கினேன்னா, இங்க நரி இருக்கு. நரின்னு படிச்சதும் கடிதத்தைக் கசக்கிப் போட்டுடாத அக்கா. நடந்ததை மறந்துட்டு எழுதல. போன வருஷம் தை மூணாம் தேதி நம்ம ஊர் வழக்கப்படி காட்டுல வலை கட்டி நரியைப் புடிச்சு, வாயைக் கயித்தால கட்டி, மாரியம்மன் கோயிலைச் சுத்தி ஓட விட்டாங்க. நரி முகத்துல முழிச்சா ஊருக்கு நல்லதுன்னு வருஷா வருஷம் செஞ்சதுதான், தடை போட்ட பிறகும் செஞ்சதுதான். அந்த வருஷம் மூணாவது சுத்துல நரி விழுந்து செத்துப்போச்சு. கொஞ்சம் முன்னாடி மாமா அதைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுச் சிரிச்சதை நான் படம் எடுத்திருந்தேன். எடுத்ததோட விட்டேனா, பேஸ்புக்ல என் பேரோட போட்டேன். நாலாயிரம் லைக். நாலாம் நாள் வனத்துறைக்காரங்க அதே படத்தைக் கையில வச்சுக்கிட்டு உன் வாசல்ல நின்னாங்க. மாமா பதினஞ்சு நாள் சப் ஜெயில்ல இருந்தாரு. நான் லீவ் முடிஞ்சு பிளேன் ஏறிட்டேன்.

என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். வேற என்ன சொல்ல.

பிப்ரவரியில எனக்கு ரெண்டு மாச லீவ் வருது. வந்து உன் முகத்தைப் பாக்கணும். வரலாமான்னு ஒரு வரி எழுது.

உன் தம்பி
விஜயபாஸ்கர்


17 நவம்பர் 2024

தம்பி பாஸ்கருக்கு,

ஜோதிமணி எழுதுறேன். இங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கோம். முழங்கால் வலி அப்படியேதான். மாமாவுக்குச் சர்க்கரை ஏறி இறங்குது. தண்ணித்தொட்டி ஆபரேட்டர் வேலை இன்னும் போகல, காலையில அஞ்சு மணிக்கு வால்வு திறக்கப் போயிடுறாரு.

உன்கூடப் பேசுறதில்லன்னு மாரியம்மன் முன்னாடி சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன். எழுதுறதில்லன்னு பண்ணல. அதனால எழுதுறேன். போன் கீன்னு அடிச்சுக்கிட்டு இருக்காத. வேற ஆள் போன்ல இருந்தும் அடிக்காத.

ஊர்ல இருந்தப்ப ரெண்டு ஆட்டைக் காட்டுக்கு ஓட்டிட்டுப் போடான்னா வெயில் அடிக்குதுன்னு படுத்துக்குவ. இப்ப எவனும் போகாத எடத்துக்குக் கையைத் தூக்கிட்டுப் போயிருக்க. உனக்கெல்லாம் கொழுப்பு. மணல் காதுக்குள்ள போயிடும், பஞ்சு வச்சுக்க. தலைக்கு எண்ணெய் வை. டப்பா மீனையே தின்னுக்கிட்டு இருக்காத.

பிப்ரவரியில வராத. ஓடு பிரிச்சுப் போட்டிருக்கு, படுக்க எடமில்ல.

அப்புறம் கவர் மேல உன் பேரை எழுதாத. போஸ்ட்மேன் ஊர் பூரா சொல்லிக்கிட்டுப் போவான். அந்த லோடர்காரர் பேரை எழுது. கேஸைப் பத்தி எதுவும் கேக்காத.

ஜோதிமணி


8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உன் கடிதத்தை எத்தனை தடவை படிச்சேன்னு கேக்காத. நீ திட்டுன இடத்தை மட்டும் தனியா ரெண்டு தடவை படிச்சேன். மாமா மாத்திரையை விடாம போடுறாரான்னு பாத்துக்க.

கவர் மேல அஸ்கர் அலின்னு எழுதியிருக்கேன். உனக்கு மானக்கேடா இருந்தா சரி, அப்படியே இருக்கட்டும். பாய்கிட்டச் சொன்னதுக்கு, என் பேராவது இந்தியா பாத்துட்டு வரட்டும்னு சிரிச்சாரு. அவரும் போன வாரம் லீவ்ல போயிட்டாரு. மார்ச் வரைக்கும் நான் மட்டும்தான்.

நரியைப் பத்திக் கொஞ்சம் எழுதுறேன், பொறுத்துக்க. நம்ம ஊரு நரி மாதிரி இல்ல. உடம்பு மெலிசு, காது ரெண்டும் பெருசு, மணலும் அதுவும் ஒரே நிறம். அசையாம நின்னா கண்ணுக்குத் தெரியாது. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஆண் வரும். காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குதுன்னு பாத்து, என் வாடை அதுக்குப் போகாத பக்கமா வயித்துல படுத்துக்கணும். ரோலா கடைத்தெருவுல பழைய கேமராவும் பெரிய லென்ஸும் வாங்கினேன், அதை மணல் நிறத் துணியால சுத்தி வச்சிருக்கேன். சில நாள் ரெண்டு மணி நேரம் படுத்தும் ஒரு படம்கூடத் தேறாது.

சோறு வைக்கவே மாட்டேன். பாய் ஒரு தடவை கோழி எலும்பைப் போட்டுட்டாரு, அவரோட சண்டையே போட்டேன். தின்னப் பழகினா ஆளை நம்பும், நம்பினா ரோட்டுக்கு வரும், லாரியில அடிபடும். அதுபாட்டுக்கு வரணும், அதுபாட்டுக்குப் போகணும். நான் ஒருத்தன் இருக்கிறதே அதுக்குத் தெரியக் கூடாது.

ஆனா நேத்து ஒரு கூத்து. மூணு நாளா நான் யார்கிட்டயும் வாயே திறக்கல, அது எனக்கே தெரியல. நரி இருபது அடி தூரத்துல வந்து நின்னுச்சு. முகம் நேரா இருக்கு, வெளிச்சம் நல்லா இருக்கு. பட்டனை அமுக்குறதுக்குப் பதிலா, சாப்டியான்னு கேட்டுட்டேன். அது ஓடியே போயிடுச்சு. அங்கயே படுத்துக் கொஞ்ச நேரம் சிரிச்சேன், அப்புறம் அழுகை வந்துடுச்சு.

ஓடு வேலை பிப்ரவரிக்குள்ள முடிஞ்சிடுமா? கயித்துக் கட்டில் போட்டு வெளியகூடப் படுத்துக்குவேன்.

பாஸ்கர்


20 ஜனவரி 2025

பாஸ்கருக்கு,

நல்லா இருக்கோம். நீயும் நல்லா இருக்கணும். குளிர் காலம்னா அங்கயும் குளிருமாமே, ஸ்வெட்டர் வச்சிருக்கியா?

பொங்கல் முடிஞ்சது. இந்த வருஷம் நரி புடிக்கல. வனத்துறை ஜீப் ரெண்டு நாளா கோயில் வாசல்லயே நின்னுச்சு. துணியில நரி பொம்மை செஞ்சு தூக்கிக்கிட்டுக் கோயிலைச் சுத்துனாங்க. உன் மாமா கோயில் பக்கமே போகல, தொட்டி மேலயே உக்காந்திருந்தாரு. ஒரு கட்டுக் கரும்பு வாங்கிட்டோம். ரெண்டு பேர் எவ்வளவுதான் திங்கறது. பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.

ஓடு வேலை முடியல. ஆள் கெடைக்கல. லீவை அப்புறமா எடுத்துக்க, ஒண்ணும் அவசரமில்ல. அந்த நரிகிட்டப் பேசுறதுக்குப் பதிலா கூட ஒரு ஆளைப் போடச் சொல்லி உங்க கம்பெனியில கேளு.

ஜோதிமணி


23 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுறேன். உடம்பு பரவால்ல. உனக்கும் மாமாவுக்கும் எப்படின்னு எழுது.

பிப்ரவரி வந்துச்சு, போச்சு. லீவ் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு மாசம் ஓடு போடுற வீட்டை நான் எங்கயும் பாத்ததில்ல அக்கா. வராதேன்னு நேரா எழுதியிருக்கலாம். அதை விட்டுடுறேன். இன்னிக்கு நல்ல சேதி சொல்லத்தான் எழுதுறேன்.

யார்டு வேலியைத் தாண்டி ஒரு மணல் மேட்டுல காஃப் மரம், நம்ம ஊர் வன்னிதான், இருக்கு, அதோட வேருக்கு அடியில நரி குட்டி போட்டிருக்கு. பாய் லீவ் முடிஞ்சு வந்து லோடரைக் கிளப்பினாரு, சத்தத்துக்குப் பயந்து தாய் நரி குட்டிகளை வேற வளைக்கு மாத்த ஆரம்பிச்சுது. அது எந்த வழியா போகும்னு எனக்குத் தெரியும். பதினோரு நாள் விடியக்காலையில அந்த வழியில படுத்துக் கிடந்தேன். பதினோராம் நாள் வாயில குட்டியைக் கவ்விக்கிட்டு நேரா என் பக்கம் வந்துச்சு. குட்டிக்கு இன்னும் கண்ணுல நீலம் போகல. தாய் ஒரு நொடி நின்னு பாத்துச்சு. எடுத்துட்டேன். என் வாழ்நாள்ல இப்படி ஒரு படம் எடுத்ததில்ல.

வசந்தகுமாரின்னு ஒரு மேடம், சேலத்துக்காரங்க, முவைலாவுல இருக்காங்க. அவங்க வீட்டுக்காரர் வாசு சார் இன்ஜினியர். வெள்ளிக்கிழமை ஒரு குரூப்பா பறவை பாக்க வருவாங்க. போன மாசம் அவங்க கார் மணல்ல புதைஞ்சு நான்தான் பலகை வச்சு வெளிய எடுத்து விட்டேன். டீ குடிக்கும்போது கேமராவுல இருந்த படங்களைப் பாத்துட்டு, கப்பைக் கீழ வச்சுட்டாங்க. இப்ப இந்தப் படத்தையும் பாத்தாங்க. மே கடைசியில ஷார்ஜாவுல காட்டு விலங்குப் படங்களுக்கு ஒரு கண்காட்சி நடக்குது. அதுக்கு அவங்களே அனுப்பி வச்சாங்க, என் படத்தைத் தேர்ந்தெடுத்துட்டாங்க அக்கா. நானூறு பேர் அனுப்புனதுல முப்பதுல ஒண்ணு. படத்துக்குக் கீழ என் பேரு, நம்ம ஊர் பேரு, ஜில்லா எல்லாம் போடுவாங்களாம். தமிழ்ப் பேப்பர்லயும் போட்டோவோட வரும்னு மேடம் சொன்னாங்க.

ஒரு படத்தால உன் குடும்பத்துக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுத்தேன். இன்னொரு படத்தால அதைக் கொஞ்சமாவது துடைக்க முடிஞ்சா போதும்னு இருக்கு. உனக்குச் சந்தோஷம்தானே?

உன் தம்பி
பாஸ்கர்


1 ஏப்ரல் 2025
ஸ்பீடு போஸ்ட்

பாஸ்கர்,

நல்லா இரு. கடிதம் இப்பதான் கையில கெடைச்சுது, உடனே எழுதுறேன்.

பேர் போடாத. ஊர் பேர் போடவே போடாத. பேப்பர்ல வரக் கூடாது, உன் முகமும் வரக் கூடாது. அந்தம்மாகிட்ட எதையாவது சொல்லித் தடுத்துடு. ஏன்னு கேக்காத, சொல்ல மாட்டேன். என்னை அக்கான்னு நெனச்சா கேளு.

ஜோதிமணி


14 ஏப்ரல் 2025

அக்காவுக்கு,

சித்திரை பொறந்திருக்கு, நீங்க ரெண்டு பேரும் நல்லா இருங்க.

ரெண்டு வருஷமா ஒரு வரிக்கு மாசக்கணக்குல என்னைக் காக்க வச்ச. வராதேன்னு சொல்ல ஓட்டுக் கதை சொன்ன. இதுக்கு மட்டும் ஒம்பதே நாள்ல ஸ்பீடு போஸ்ட். நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை இல்ல. என் பேரு ஒரு சுவத்துல தொங்கினாக்கூட உனக்கு அசிங்கமா போயிடும், அப்படித்தானே?

தப்புப் பண்ணினேன், ஒத்துக்கறேன். சாகுற வரைக்கும் பேரே இல்லாம திரியணும்னு எந்தச் சாமிகிட்டச் சூடம் அடிச்ச? இங்க என்கூட மனசு விட்டு ஒரு மனுஷன் பேசி நாள் ஆகுது. என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்ல. கம்பெனிக்கு நான் நம்பர், பாய்க்கு மதராஸி. அந்த அட்டையில என் பேர் இருக்கும். போடத்தான் போறேன். இனிமே நானும் எழுதல.

விஜயபாஸ்கர்


28 ஏப்ரல் 2025

மாப்ள பாஸ்கருக்கு,

கார்மேகம் எழுதுறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்ல, தப்பு இருந்தா கண்டுக்காத. ஆத்தூர் ஜாபர் சாதிக் லீவ் முடிஞ்சு ஷார்ஜா வர்றாரு, அவர் கையில குடுத்து விடுறேன். உங்க அக்காவுக்கு இது தெரியாது. உடம்பு எனக்குப் பரவால்ல, அவளுக்குத்தான் சரியில்ல. உன் கடிதத்தைப் படிச்சுட்டு ரெண்டு நாள் அடுப்புப் பத்த வைக்கல.

அவளுக்கு உன் மேல கோவம் இல்லடா. அது ஒரு வாரத்துல தீந்துடுச்சு. நான் ஜெயில்ல இருந்து வந்த அன்னிக்கே, பாவம் பையன் தெரியாம பண்ணிட்டான், போன் போட்டுக் குடுங்கன்னு உக்காந்தா. சூடம், சத்தியம் எல்லாம் சும்மா. வக்கீல்தான் போனைப் புடுங்கி வச்சாரு.

கேஸ் எப்படி இருக்குன்னு சொல்றேன் கேளு. அவங்க கையில இருக்குறது உன் படம் ஒண்ணுதான். ஊர்க்காரன் எவனும் சாட்சி சொல்ல மாட்டான். படம் எடுத்தவன் கூண்டுல ஏறி, நான்தான் எடுத்தேன், அதுல இருக்குறது இவர்தான்னு சொன்னாத்தான் படம் செல்லும், இல்லன்னா வெறும் காகிதம்னு வக்கீல் சொல்றாரு. நீதான் மாப்ள அந்த ஒரே சாட்சி. நீ ஊர்ல கால் வச்சா அன்னிக்கே சம்மன் கையில குடுத்துருவாங்க. மாசம் ஒருக்கா ஃபாரஸ்ட் கார்டு வந்து உன்னைக் கேட்டுட்டுப் போறாரு. அவனோட சண்டை, பேச்சுவார்த்தை இல்ல, எங்க இருக்கான்னே தெரியாதுன்னு உங்க அக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா. போன்ல பேசினா மாட்டிக்குவோம். பேப்பர்ல உன் பேரும் ஊரும் வந்தா அன்னிக்கே விலாசம் கெடைச்சுடும்.

சாட்சி வரலன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல கேஸ் தானா செத்துப்போகுமாம். வந்தா எனக்கு வருஷக்கணக்குல ஜெயில், தொட்டி வேலையும் போச்சு. இதை உன்கிட்டச் சொல்லவே கூடாதுன்னு அவதான் என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினா. சொன்னா அவன் தாங்க மாட்டான், என்னால இப்படி ஆச்சேன்னு அங்க தனியாக் கெடந்து எதையாவது பண்ணிக்குவான், நான் கோவமா இருக்கேன்னு நெனச்சுக்கிட்டாலாவது நம்மளைத் திட்டிக்கிட்டு நல்லா இருப்பான்னு சொன்னா. ஓடெல்லாம் பிரிக்கவே இல்ல.

நான் ஒண்ணு சொல்றேன். எங்களுக்குப் புள்ள இல்ல, உன்னைத்தான் புள்ளையா வச்சிருக்கா. நீ வா மாப்ள. பேரையும் போட்டுக்க. கூண்டுல ஏத்தினா ஏறு. தூக்கினது நான்தானே, எனக்கு வர்றது வரட்டும். அந்த நரி செத்தது எனக்கும் சங்கடம்தான். சுத்தி வந்ததும் காட்டுல விட்டுடலாம்னுதான் புடிச்சோம். யோசிச்சுச் சொல்லு.

கார்மேகம்


16 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

பாஸ்கர் வணக்கம். ஜாபர் பாய் கடிதத்தைக் கொண்டுவந்து குடுத்தாரு. இதை ஆத்தூர்ல அவர் வீட்டு விலாசத்துக்கே போடுறேன், வாங்கிக்கோங்க. மாத்திரையை விட்டுடாதீங்க.

உங்க கடிதத்தைப் படிச்சுட்டு மேட்டுல போய் உக்காந்தேன். அக்காவை என்னவெல்லாம் எழுதிட்டேன் பாருங்க. அவ காலைப் புடிச்சு மன்னிப்புக் கேக்கணும். அதுக்கும் வழியில்ல.

மாமா, நீங்க சொல்லாத ஒண்ணை நான் சொல்றேன். அன்னிக்கு நீங்க நரியைத் தூக்கினதும் நான் ஒரு படம் எடுத்தேன். சரியா வரல. இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க மாமா, முகத்துல வெளிச்சம் படட்டும்னு சொன்னேன். நீங்க தூக்கினீங்க. மறுபடியும் சொன்னேன். மூணு தடவை சொல்லி மூணு தடவை தூக்கினீங்க. அதோட வாய் இறுகக் கட்டியிருந்துச்சு, மூச்சு விட முடியாம வயிறு வேகமா அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. லென்ஸ்ல எனக்கு அது நல்லாத் தெரிஞ்சுது. எனக்கு வெளிச்சம்தான் முக்கியமாப் பட்டுச்சு. இறக்கி விட்டு ரெண்டாவது சுத்து, மூணாவது சுத்து, அப்புறம் செத்துப்போச்சு. நீங்க ஒருத்தர் மட்டும் கொல்லல.

இங்க இத்தனை மாசமா நரியைத் தொடாம, கூப்பிடாம, சோறு வைக்காம பாத்துக்கிட்டு இருக்கேன். அதனாலயே ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. என்னைக் கூண்டுல ஏத்தி, இந்தப் படத்துல இருக்கிறது யாருன்னு கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது. எங்க மாமாதான்னு சொல்லிடுவேன். உங்களைக் காப்பாத்தணும்னா நான் அந்தக் கூண்டு பக்கமே வரக் கூடாது. நீங்க பெரிய மனசோட வான்னு கூப்பிடுறீங்க. நான் வரல மாமா.

இன்னிக்கு ஆபீஸ்ல போய் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கான்ட்ராக்ட்ல கையெழுத்துப் போட்டுட்டேன். யார்டுக்கேதான். எனக்கு விஷயம் தெரியும்னு அக்காகிட்டச் சொல்லாதீங்க. அவ நெனச்சபடியே நான் அவளைத் திட்டிக்கிட்டு நல்லா இருக்கேன்னு இருக்கட்டும்.

உங்க மாப்பிள்ளை
பாஸ்கர்


8 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

எழுத மாட்டேன்னு சொன்னேன், எழுதுறேன். போன கடிதத்துல வாய்க்கு வந்தபடி எழுதினதை மனசுல வச்சுக்காத. நான் சௌக்கியம். வெயில் அம்பது டிகிரி, மதியம் யார்டுல வேலை இல்ல.

கண்காட்சிக்குப் போயிட்டு வந்தேன். பேர் போடல. எனக்கே விருப்பமில்லன்னு மேடம்கிட்டச் சொன்னேன். அவங்களுக்குக் கோவம். இத்தனை நாள் பாடுபட்டுட்டுக் கடைசியில பைத்தியம் மாதிரி பேசுறீங்களேன்னாங்க. காரணம் கேட்டாங்க, சொல்லல. அப்புறம் விட்டுட்டாங்க. படத்துக்குக் கீழ அட்டையில, மலீஹா பாலைவனம், தாயும் குட்டியும்னு மட்டும் போட்டிருந்துச்சு. மத்த இருபத்தொம்பது படத்துக்கும் பேர் இருந்துச்சு.

பாய்கிட்ட இஸ்திரி போட்ட சட்டை ஒண்ணு கடன் வாங்கிப் போட்டுக்கிட்டுப் போனேன். பெரிய ஹால், நல்ல ஏசி. என் படத்தை ஆள் உயரத்துக்குப் பெருசாக்கி மாட்டியிருந்தாங்க. ஒரு மணி நேரம் பக்கத்துலயே நின்னேன். நெறைய பேர் நின்னு பாத்தாங்க. ஒரு குடும்பம் வந்துச்சு, தமிழ்க்காரங்கதான். அந்தம்மா படத்தையே பாத்துக்கிட்டு, இதை எடுத்தவன் எவ்வளவு நேரம் அசையாம இருந்திருக்கணும்னு வீட்டுக்காரர்கிட்டச் சொன்னாங்க. பதினோரு நாள்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்புறம் அவங்க என்னைப் பாத்துட்டு, அங்க வேலை செய்யற ஆள்னு நெனச்சுக்கிட்டு, அண்ணா எங்களை இந்தப் படத்தோட ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களான்னு போனை நீட்டினாங்க. எடுத்துக் குடுத்தேன். கொஞ்சம் இடது பக்கம் நகருங்க, நரி மறையுதுன்னு சொன்னேன். நல்லா வந்திருக்குன்னாங்க.

இப்போதைக்கு நான் ஊருக்கு வர்ற மாதிரி இல்ல. எனக்கு இங்கயே பழகிடுச்சு, குட்டிங்க வேற வளருது, விட்டுட்டு வர மனசில்ல. ரெண்டு வருஷம் போகட்டும். நீ என்னை எதிர்பாக்காம நிம்மதியா இரு. கோவில் பக்கம் போனா எனக்கும் சேத்துக் கும்பிட்டுக்க.

உன் தம்பி


25 ஜூலை 2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுறேன் சாமி. உடம்பு எப்படி இருக்கு? அம்பது டிகிரியில மோர் கீர் கெடைக்குமா?

நிம்மதியா இருன்னு எழுதின கடிதத்தை உன் மாமாகிட்டக் காட்டி, பாத்தீங்களா, இவனுக்கு நாம வேணாம்னு ஆயிடுச்சுன்னு அழுதேன். அவரால தாங்க முடியல. எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நீ அவருக்கு எழுதினதையும் படிக்கக் குடுத்தாரு. ரெண்டு பேரும் சேந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க. நான் உன்னை ஆக்கினதுக்கு இது சரியாப் போச்சு. ஆனா கண்ணு, நீ பொய் எழுதினா எனக்குத் தெரியாமப் போச்சேன்னுதான் வருத்தம். முன்னெல்லாம் உன் மூஞ்சியைப் பாத்தே கண்டுபிடிச்சிருவேன்.

செவ்வாய்க்கிழமை கேஸ் வந்துச்சு. காலையில பத்து மணிக்கே போய் வராந்தாவுல பெஞ்சுல உக்காந்தோம். கூட்டம். மதியத்துக்கு மேலதான் எடுத்தாங்க. மாமா பேரைக் கூப்பிட்டதும் உள்ள போய் நின்னாரு. நான் வெளியவே இருந்தேன். கொஞ்ச நேரத்துல கோர்ட்டு டவாலி வாசல்ல வந்து நின்னு சாட்சியைக் கூப்பிட்டான்.

விஜயபாஸ்கர், விஜயபாஸ்கர், விஜயபாஸ்கர்.

உன் பேரை நான் வாய்விட்டுச் சொல்லி ரெண்டரை வருஷம் ஆச்சுடா. வீட்டுக்குள்ளகூடச் சொல்றதில்ல, யார் காதுலயாவது விழுந்துடுமோன்னு பயம். யாரோ ஒருத்தன் அத்தனை பேர் முன்னாடி அவ்வளவு சத்தமா கூப்பிடுறான். மூணாவது தடவை கூப்பிட்டப்ப என்னை அறியாம எழுந்து நின்னுட்டேன். தூண் ஓரமா, படிக்கட்டுப் பக்கமா எல்லாம் பாத்தேன். நீ எங்கிருந்தாவது, இந்தா இருக்கேன்னு வந்துடுவன்னு தோணிடுச்சு. வந்துடக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன். ரெண்டையும் ஒரே நேரத்துல நெனச்சேன்.

யாரும் வரல. டிசம்பருக்குத் தள்ளி வச்சிருக்காங்க. வக்கீலுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

நான் நின்னதைப் பாத்துட்டுப் பக்கத்துல இருந்த அம்மா கேட்டாங்க, "யாருங்க அது, உங்களுக்கு வேண்டிய பையனா?"

"தெரியாதுங்க"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன்.

அக்கா